வாளியில் கரைந்த கிங்கோ

10 நவம்பர் 2024, ஞாயிறு

இன்றும் இலைதான்.

காலை ஏழு மணிக்கே தெரணிக் குழிக்குப் போய் வெள்ளைக்களிப் பாளங்களைத் தட்டித் தட்டிப் பிளந்ததில் கல்லாய்ப் பதிந்த முப்பத்திரண்டு இலை. பன்னிரண்டு கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே யாரோ பந்தி வைத்து, இலையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆறு வருடமாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் பரிமாறவில்லை.

குழியின் காவல்காரர் பிச்சைமுத்து கேட்டார்: "டீச்சர், தேடுறது இன்னும் கெடைக்கலீங்களா?"

இல்லை என்றேன்.

"காணாமப் போயி எத்தினி நாளாச்சுங்க?"

பன்னிரண்டு கோடி வருஷம் என்றேன்.

"அப்ப அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கணும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

11 நவம்பர், திங்கள்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக மிரட்டினார். "மார்ச்சுக்குள்ள முனைவர் ஆயிடுங்க மேடம். ஜூன்லேர்ந்து பட்டம் உள்ளவங்க மட்டும்தான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க." பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டுக்கும் ஒரே முகூர்த்தம்.

ராத்திரிச் சாப்பாட்டில் சுவாதி, "அம்மா, நீ அப்படி என்னதான் தேடுற?" என்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகளுக்கே ஆறு வருடமாகச் சொல்லவில்லை என்றால் நான் என்ன ஆசிரியை? சொன்னேன். கிங்கோ என்று ஒரு மரம். சீனாவிலும் ஜப்பானிலும் கோயில் வாசலில் நிற்கும், விசிறி மாதிரி இலை. உலகத்தில் இன்று அதற்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் யாருமே உயிரோடு இல்லை. எல்லாரும் கல்லாகிவிட்டார்கள். அந்தக் காலத்து உறவுகளில் சிலவற்றுக்கு ஒரே கூம்பில் நூறு விதைகூட இருந்தது. வரவர எண்ணிக்கை குறைந்து, விதை பெருத்து, இன்று ஒரு காம்பில் இரண்டே இரண்டு. அதிலும் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். நடுவில் எங்கே, எப்படிக் குறைந்தது என்பதற்குத்தான் கூம்பு வேண்டும். இலையை வைத்துக்கொண்டு வம்சம் சொல்ல முடியாது.

மாமனார் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "எங்கப்பாருக்கு நாங்க ஒம்போது. எனக்கு ரெண்டு. உங்களுக்கு ஒண்ணு. இதுக்கு எதுக்கும்மா குழிக்குப் போற? நம்ம ரேஷன் கார்டை எடுத்துப் பாரு" என்றார்.

முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பேர் வெள்ளைச்சாமி. எதையும் ஒரு டிக்கெட்டில் எழுதிவிடுவார்.

24 நவம்பர், ஞாயிறு

கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!

நான் கண்டுபிடிக்கவில்லை. களி வெட்டும் வீரம்மாள் அக்காதான் மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு வந்து, "டீச்சர், இதுல மக்காச்சோளக் கருது மாட்டம் என்னமோ கெடக்கு. வேணுமா, தூக்கிப் போடட்டா?" என்றது. ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு கூம்பு. மேலே மெல்லிய கரிப்படலம். நடுத்தண்டிலிருந்து காம்பு காம்பாக விதைகள் நீட்டிக்கொண்டு நிற்பது போல ஒரு தோற்றம். பக்கத்திலேயே பாதி விசிறி இலை. அப்படியே குழியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கருதுக்கா அழுவுறீங்க?" என்று வீரம்மாள் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டியது. ஆமாக்கா, கருதுக்குத்தான்.

25 நவம்பர், திங்கள்

என் நெறியாளர் குருமூர்த்தி சாருக்குப் படம் அனுப்பினேன். அவரைத் துறையில் எல்லாரும் 'கிங்கோ குருமூர்த்தி' என்பார்கள். 1989-இல் இதே குழியில் ஒரு விசிறி இலையை எடுத்து, இது கிங்கோவின் உறவு என்று எழுதியவர். வெளிநாட்டுக்காரர்கள் அவர் பேரை ஒரு வரியில் சொல்வது அந்த ஒரு இலைக்காகத்தான். அந்த இலைக்குரிய கூம்பைத் தேடத்தான் என்னை ஆறு வருடமாக வெயிலில் போட்டிருக்கிறார்.

உடனே போன் வந்தது. "அளவுகோல் எங்கம்மா?"

அவசரத்தில் மறந்துவிட்டேன். பக்கத்தில் கட்டைவிரலை வைத்து எடுத்திருந்தேன்.

"யார் விரல் இது?"

"என்னோடதுதாங்க சார்."

"நகத்துல சாயம் இருக்கே. உலகம் பூரா பார்க்கப்போற படம்மா." பிறகு குரல் மாறி, "காம்பு தெரியுது. எழுத ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

பாளம் ஈரம். சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். சாக்கில் சுற்றி, மற்றப் பதின்மூன்று பாளங்களோடு கொல்லையில் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் நிழலில் ஆற வேண்டும். நான் ஆற வேண்டியதில்லை, எழுத வேண்டும்.

1 டிசம்பர், ஞாயிறு

என் வீட்டுக்காரரை என்ன செய்வது?

பெரம்பலூரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிற ஆளைக் கட்டிக்கொண்டால் இது ஒருநாள் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை வாசலில் பதினைந்தடிக்கு ஒரு பேனர். 'பெரம்பலூர் மண்ணில் கிங்கோ கண்ட முனைவர் ஜெயசித்ரா அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.' கீழே வாழ்த்துவோர் வரிசையில் சுவாதி, மாமனார், பக்கத்து டீக்கடைக்காரர்.

"நான் இன்னும் முனைவர் ஆவலீங்க!"

"நாலு மாசந்தானே சித்ரா. துணி வெளுக்கறதுக்குள்ள ஆயிடுவே" என்கிறார் முத்தமிழ்செல்வன்.

என் படத்தைப் பெரிதாக்கினால் கட்டைவிரல்தான் தெரிகிறதாம். அதனால் நெட்டிலிருந்து வேறு ஒரு கூம்பை எடுத்துப் போட்டிருக்கிறார். ஊட்டியில் ரோட்டோரம் கிடக்குமே, பைன் மரத்துக் காய், அது. அதன் உச்சியில் என் பாஸ்போர்ட் போட்டோ. காய்க்குள்ளிருந்து நான் அவதாரம் எடுப்பது போல இருக்கிறது.

3 டிசம்பர், செவ்வாய்

முதல்வர் பேனரைப் பார்த்துவிட்டார். மேடையில் அழைத்துச் சால்வை. பூக்காரம்மாகூட "கிங்கோ டீச்சர்" என்கிறது.

13 ஜனவரி 2025, திங்கள், போகி

கரைச்சுட்டாரு.

மாமா கரைச்சே வுட்டுட்டாரு. வாளியில. தண்ணி ஊத்தி. குச்சிய வுட்டுக் கலக்கி.

அய்யோ. என்னால எழுத முடியல.

14 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

பொங்கல் பொங்கிவிட்டது. என் கூம்பில் பாதி அடுப்பில் இருக்கிறது.

ஒழுங்காக எழுத வேண்டும். குற்றத்தில் என் பங்கும் உண்டு, சின்னப் பங்கு இல்லை. போன வருடம் நான்தான் உதவாத பாளம் ஒன்றைக் கொண்டுவந்து, "மாமா, பொங்கல் அடுப்புக்கு இதைப் பூசிப் பாருங்க, சுண்ணாம்பே வேண்டாம்" என்று கொடுத்தேன். அடுப்பு பால் மாதிரி வெளுத்தது. தெருவே பாராட்டியது. இந்த வருடம் மாமா என்னைக் கேட்கவில்லை. மருமகள் மறக்காமல் சாக்கில் சுற்றியே எடுத்து வைத்திருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். பதினான்கு பாளத்தில் மேலே இருந்ததை எடுத்து அடுப்புக்குப் பூசக் கரைத்திருக்கிறார். நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதால் கூம்புப் பாளம்தான் மேலே இருந்தது.

"போகியன்னிக்கு வூட்டுல உள்ள பழசைக் கழிக்கணுமே தவிர, பன்னண்டு கோடி வருசத்தையா கழிப்பாங்க?" என்று கத்தினேன்.

மாமா திகைத்துப்போய், "நீ தேதி எழுதி ஒட்டலியேம்மா" என்றார்.

அவரை மேற்கொண்டு திட்ட முடியவில்லை. பொங்கல் பானை பொங்கும்போது எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

ஊர் மாட்டைக் குளிப்பாட்டியது. நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடுப்பைச் சுரண்டினேன். பக்கத்து வீட்டு மருதாயி அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் வேண்டுதலா?" என்றது. ஆமென்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிவதாக இல்லை.

19 ஜனவரி, ஞாயிறு

வாளியில் மிச்சம் இருந்த களிக் கஞ்சியைக் கொட்ட மனசு வரவில்லை. நான்கு நாளாகத் தெளிய வைத்துப் பார்த்ததில் மேலே கறுப்பாகச் சில துணுக்குகள் மிதந்தன. டீ வடிகட்டியில் வடித்தேன். (சுவாதி: "அம்மா, அதுலதான் நான் டீ குடிக்கணும்!") மறுபடி நல்ல தண்ணீர், மறுபடி வடிகட்டல். மாலைக்குள் பதினோரு துணுக்கு. ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. களியிலிருந்து விடுபட்டு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் தெரிய, முழுதாக.

பாளத்தில் ஒட்டியிருந்தபோது ஒரு பக்கம்தான் தெரிந்தது. அதுவும் விளிம்புதான். களியைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், மாணவர்களுக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன். கைக்குக் கிடைத்த ஒரே கூம்பைக் கரைக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. மாமாவுக்கு வந்தது, விஷயம் தெரியாததால்.

கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா பின்னாலிருந்து, "நானும் பாக்கலாமா?" என்றார். குற்ற உணர்ச்சியில் நான்கு நாளாக மனுஷன் இரண்டாவது காபி கேட்கவில்லை. பாருங்க மாமா என்றேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நீ என்னம்மா சொன்னே, வெதையெல்லாம் காம்பைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்னுதானே?"

"ஆமாங்க மாமா."

"இதுங்க நிக்கலியேம்மா. ஒவ்வொண்ணும் சீட்டுல உக்காந்திருக்கு."

எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெரிந்துவிட்டது. காம்பில் நின்றால் கிங்கோ. செதிலில் உட்கார்ந்திருந்தால் ஊசியிலை மரம். படத்தில் காம்பு என்று தெரிந்தது, பக்கவாட்டில் பார்த்த செதிலின் விளிம்பு. பதினோரு செதில், செதிலுக்கு ஒரு விதை. ஒன்றில்கூடக் காம்பு இல்லை.

என் கூம்பு கிங்கோ இல்லை. பைன் மரத்துக்குத் தூரத்துப் பங்காளி. பதினைந்தடி பேனரில் உள்ள அத்தனை சங்கதியிலும் உண்மையானது அந்த ஊட்டிக் காய் ஒன்றுதான்.

26 ஜனவரி, ஞாயிறு

வாளி விஷயத்தை மட்டும் சாரிடம் போனில் சொன்னேன். செதில் விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் அதிர்ந்துபோனார். பிறகு அவரே என்னைத் தேற்றினார். "பொருள் போனா போவுது. படம் இருக்குல்ல? படத்துல காம்பு தெரியுது. வாளியப் பத்தி வெளிய யார்கிட்டயும் பேச வேணாம். எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கூம்பு இல்லை. இனி யாரும் வந்து சரிபார்க்க முடியாது. பதினோரு செதிலும் என் குங்குமச் சிமிழில் இருக்கின்றன. சிமிழைக் கிணற்றில் போட்டால் மார்ச் 31-இல் நான் முனைவர்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நான்காம் அத்தியாயம் எழுதி முடித்தேன். 'காம்புடைய விதைகள், கிங்கோவின் தொல் உறவு.' கொள்ளை அழகாக வந்திருக்கிறது. உண்மையாக இருந்த எந்த அத்தியாயமும் இவ்வளவு சரளமாக வந்ததில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சிமிழ் மேசையில்தான் இருக்கிறது. குங்குமம் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. புதுச் சிமிழ் ஒன்று வாங்கினேன். அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது.

மாமாவிடம், "நீங்க பார்த்ததை யார்கிட்டயும் சொல்லலியே?" என்றேன். நாற்பத்திரண்டு வயதில், மாமனாரிடம், திருட்டுப் பிள்ளை மாதிரி.

"நான் எதுக்கும்மா சொல்றேன்? என் வண்டியா அது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. உக்காந்திருக்கற ஆள நிக்கறான்னு எழுதினா டிரிப் ஷீட்டுல நாமதான் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டுத் தினசரியைப் பிரித்துக்கொண்டார்.

கோபமாக வந்தது. கரைத்தது இவர். உபதேசமும் இவரா?

யோசித்தால் எனக்குப் பயம், வேலை போய்விடும் என்று மட்டும் இல்லை. ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. சுவாதியின் பள்ளி ஆண்டு விழா மூன்றுக்கு நான் போகவில்லை. எல்லாம் ஒரு கிங்கோவுக்காக. அது இல்லையென்றால் நான் யாரைக் கேட்பது?

16 பிப்ரவரி, ஞாயிறு

போனேன். அரியலூரில், கல்லங்குறிச்சி ரோட்டில் சார் வீடு. சிமிழை எடுத்து மேசையில் வைத்தேன். ஏதோ விசேஷத்துக்கு அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சார் வீட்டம்மா நெற்றியைக் காட்டினார்கள். "அதுல குங்குமம் இல்லீங்கம்மா, செதில்" என்றேன். மாமா பார்த்துச் சொன்னதையும் சாரிடம் சொன்னேன்.

சார் தன் மைக்ராஸ்கோப்பில் பதினொன்றையும் பார்த்தார். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, "உங்க மாமனார் சொன்னது சரி" என்றார்.

"இப்ப என்ன சார் பண்றது?"

"போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ்ஸில் தூங்கியிருப்பேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

காலை பத்து மணி. துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், குரும்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் மஞ்சள் பையோடு, சார் எங்கள் தெருவில் நடந்து வருகிறார். ஆறு வருடத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை.

உள்ளே வந்து உட்காரவில்லை. "அந்த வாளி எங்கம்மா?" என்றார்.

பையிலிருந்து பழைய துண்டில் சுற்றிய பாளத்தை எடுத்தார். 1989. அவருடைய இலை. படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. கை வைக்கக் கூசினேன். "ஒரு மூலை மட்டும். மிச்சம் அப்படியே இருக்கட்டும்" என்று சின்னக் கத்தியால் தானே பெயர்த்தார்.

"அப்போ கரைச்சுப் பார்க்கலீங்களா சார்?"

"அப்போ நல்ல மைக்ராஸ்கோப் இல்ல." பெயர்த்த மூலையை வாளித் தண்ணீரில் போட்டார். "அப்புறம் வந்துச்சு. வந்தப்புறம் பார்க்கப் பிடிக்கல."

மாமா அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வாளியைப் பார்த்தபடி இருந்தார்கள். மாமா பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "சாருக்குப் பசங்க எத்தினி?" என்றார். ஒன்று என்றார் சார். மாமா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

மதியம் சாப்பிட வரவில்லை. மூன்று மணிக்குக் களி கரைந்தது. நான்கு மணிக்கு வடித்தோம். சார்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

இலையின் முதுகில் வரிசையாகப் புள்ளிகள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பெரணிச் செடிக்குத்தான் முதுகில் அப்படி வித்துத்தூள் மூட்டை இருக்கும். கிங்கோவுக்கு இல்லை. விசிறி மாதிரி இலை, அவ்வளவுதான்.

மாமாதான் கேட்டார், "நிக்குதுங்களா, உக்காந்திருக்குங்களா?"

"இது பஸ்ஸுலயே ஏறலீங்க" என்றார் சார். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷமா ஒரு பெரணிக்கு மாலை போட்டுக்கிட்டிருக்கேன்."

பிறகு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு தடவை ரசம்.

2 மார்ச், ஞாயிறு

பேனரை இறக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் இறக்கினார். பின்பக்கம் நல்லா இருக்கு என்று அதை மாடியில் வத்தல் காயப்போட விரித்திருக்கிறார். அவர் கோபமும் அன்பும் எப்போதும் இப்படிப் பதினைந்தடிக்குத்தான்.

12 மார்ச், புதன்

முதல்வரிடம் சொன்னேன். "அப்ப கிங்கோ இல்லீங்களா மேடம்?" இல்லீங்க சார். "சால்வை போட்டோமே?" திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜூனில் வேலை இருக்குமா என்பதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

28 மார்ச், வெள்ளி

தலைப்பை மாற்றினால் ஆறு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நெறியாளர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், குழு அதை ஏற்க வேண்டும். காரணம் திருப்தியாக இல்லாவிட்டால் பதிவு ரத்து. ஒரு வாரமாக எனக்குப் படிவத்தில் அந்தக் காரணக் கட்டம்தான் கண்ணுக்குள் நின்றது. 'மாணவியின் கவனக்குறைவால் மாதிரி அழிந்தது.' வேறு என்ன எழுத முடியும்? நடந்ததும் அதுதானே.

இன்று அரியலூர் போனேன். திங்கட்கிழமை சார் ஓய்வு பெறுகிறார். வீட்டில் பாதிப் புத்தகம் பெட்டியில் கட்டியாகிவிட்டது. படிவம் மூன்று பிரதி. மூன்றையும் நிரப்பி எடுத்து வைத்திருந்தார். புதுத் தலைப்பு: 'தெரணி வெள்ளைக்களியின் ஊசியிலைக் கூம்புகளும் பெரணிகளும்.' அதற்குக் கீழே, 'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் அவருடைய குண்டு எழுத்து:

'1989-இல் நெறியாளர் செய்த தவறு. மாணவி கண்டுபிடித்தார்.'

"சார், இப்படி எழுதணும்னு இல்லையே" என்றேன். "வாளியில கரைஞ்சு போச்சுன்னு..."

"ஒரு வரிதானேம்மா இடம் விட்டிருக்கான்" என்றார். "பெரிய தப்பைத்தான் எழுத முடியும்."

மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மை காய ஊதிவிட்டுக் கொடுத்தார். பஸ் குன்னம் தாண்டும்வரை அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.